நாலு பேர் என்ன சொல்வார்கள்?



நம் வீடுகளில் அடிக்கடி ஒலிக்கும் ஒரு கேள்வி உண்டு. மகள் மேலே படிக்க வேண்டும் என்று கேட்டால் பாட்டி அதைச் சொல்வார். மகன் மோட்டார் சைக்கிள் பட்டறையில் வேலை பழகப் போகிறேன் என்றால் தகப்பனார் அதைச் சொல்வார். கல்யாணத்துக்கு எத்தனை பேரை அழைப்பது என்று பேச உட்கார்ந்தால் வீடே சேர்ந்து அதைச் சொல்லும். "நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்பதுதான் அந்தக் கேள்வி.

யார் அந்த நாலு பேர்? பெயர் கேட்டால் எவருக்கும் சொல்லத் தெரியாது. ஆனால் அவர்கள் நம் வீட்டு வாசலில் எப்போதும் நின்றுகொண்டே இருக்கிறார்கள்.

தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் நடுவே ஒரு பலகைச் சுவர்தான். இந்த வீட்டில் மிளகாய் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். இங்கே கணவனும் மனைவியும் சண்டையிட்டால், விடியற்காலையில் பெரட்டுக்குப் போகும்போது எல்லாருக்கும் விவரம் தெரிந்திருக்கும். அந்த நெருக்கத்தில் நன்மையும் இருந்தது. பிள்ளைப்பேறு என்றால் பக்கத்து வீட்டுக்காரி முதலில் ஓடி வந்தாள். வீட்டில் ஒரு சாவு என்றால் பாடையைத் தூக்க அந்த நாலு பேர்தான் வந்தார்கள். ஆகவே ஊரார் நமக்கு வேண்டாதவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ஊரார் இல்லாமல் நாம் வாழ முடியாது. ஆனால் ஊராரின் மெச்சுதலுக்காகவே வாழத் தொடங்கினால் என்ன ஆகும்? இதைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

நான் அறிந்த ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொல்கிறேன். தகப்பனார் பால்மரம் வெட்டியவர். தாயாரும் அதே வேலைதான். மூத்த மகளுக்குக் கல்யாணம் பேசினார்கள். கையில் இருந்த சேமிப்பு ஓர் எளிய கல்யாணத்துக்குப் போதும். ஆனால் அதற்கு முந்திய ஆண்டு எதிர் லயத்தில் நடந்த கல்யாணத்தில் பந்தல் பெரியது. மேளம் வெளியூரிலிருந்து வந்தது. "நாம் குறைத்துச் செய்தால் நாலு பேர் என்ன சொல்வார்கள்?" என்று வட்டிக்குக் கடன் வாங்கினார்கள். கல்யாணம் சிறப்பாக நடந்தது. மெச்சியவர்கள் ஒரு வாரம் மெச்சினார்கள். கடனோ ஆறு ஆண்டுகள் நின்றது. நன்றாகப் படித்துக்கொண்டிருந்த இளைய மகன் மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு வேலைக்குப் போனான். பிற்காலத்தில் அந்தத் தாயார் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னார். "நாலு பேர், நாலு பேர் என்று பயந்தோமே ஐயா, அந்த நாலு பேரில் ஒருத்தராவது ஒரு மாத வட்டி கட்டினார்களா?"

அவர்கள் கிறிஸ்தவக் குடும்பத்தினர். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோவிலுக்குப் போகிறவர்கள். கடவுள் தங்களை நேசிக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் நாலு பேருக்குப் பயந்தார்கள். இது எப்படி? கடவுளின் அன்பை நம்புகிற மனிதனுக்கும் ஊராரைப் பற்றிய பயம் ஏன் விடுவதில்லை? அந்தப் பயத்திலிருந்து விடுதலை பெற வழி உண்டா? கிறிஸ்தவ சமயத்தின் வேத நூல் இந்தக் கேள்விக்கு ஒரு மனிதரின் வாழ்க்கையைக் கொண்டே விடை சொல்கிறது. வேறு சமயத்தைச் சேர்ந்த நேயர்களும் இதைக் கேட்டுச் சிந்திக்கலாம். மனித மனம் எல்லாருக்கும் ஒன்றுதானே.

அந்த மனிதர் பேதுரு. நம் கத்தோலிக்கப் பெரியவர்கள் இராயப்பர் என்று அழைத்தவர் இவரே. கலிலேயாக் கடலில் வலை வீசிப் பிழைத்த மீனவர். உழைப்பாளி. பேச்சில் அவசரக்காரர், மனத்தில் பட்டதை உடனே சொல்லிவிடுவார். இயேசுவின் பன்னிரு சீடர்களில் முதல்வராக எண்ணப்பட்டவர்.

இயேசுவைப் பிடிக்க இரவில் ஆட்கள் வந்தபோது, பேதுரு வாளை உருவி ஒருவனின் காதை வெட்டினார். ஆயுதம் தாங்கிய கூட்டத்தைக் கண்டு அவர் அஞ்சவில்லை. ஆனால் அதே இரவில், சில மணி நேரத்துக்குள், தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் என்ன நடந்தது? குளிருக்காகக் கரிநெருப்பு மூட்டி, வேலையாட்கள் சுற்றி நின்று குளிர்காய்ந்துகொண்டிருந்தார்கள். பேதுருவும் அவர்களோடு நின்றார். ஒரு வேலைக்காரப் பெண் அவரைப் பார்த்து, நீயும் அவனுடைய ஆள்தானே என்று கேட்டாள். வாளுக்கு அஞ்சாத மனிதர் அந்தப் பெண்ணின் கேள்விக்கு அஞ்சினார். இல்லை என்றார். ஒருமுறை அல்ல, மூன்று முறை. சேவல் கூவியது. அவர் வெளியே போய் மனம் கசந்து அழுதார்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கையில் இருக்கும் துணிச்சல் வேறு. மனத்தில் இருக்கும் துணிச்சல் வேறு. புலி நடமாடும் காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் நம் முன்னோர். அட்டைக்கும் பாம்புக்கும் மலேரியாக் காய்ச்சலுக்கும் அஞ்சாமல் உழைத்தவர்கள். ஆனால் அப்படிப்பட்ட மனிதரும் பந்தியில் யாரோ ஒருவர் ஏளனமாகச் சிரித்தால் உள்ளுக்குள் நடுங்கிப்போவார். மனிதனின் பார்வைக்கு அவ்வளவு வலிமை இருக்கிறது.

ஏன் இந்த வலிமை? நாம் யார், நம் மதிப்பு என்ன என்பதை நாம் பிறருடைய முகத்தில்தான் படித்துக்கொள்கிறோம். சின்னஞ்சிறு குழந்தை தாயின் முகத்தைப் பார்க்கிறது. தாய் சிரித்தால் அதுவும் சிரிக்கிறது. பெரியவர்களான பின்னும் அந்தப் பழக்கம் நம்மை விடுவதில்லை. கங்காணியின் முகம், கிராணியின் முகம், சம்பந்தியின் முகம் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்து, நான் நல்லவன்தானா, நான் வேண்டியவன்தானா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். லயத்தை விட்டு நகரத்து அடுக்குமாடி வீட்டுக்குக் குடிபெயர்ந்த பிள்ளைகளும் இதிலிருந்து தப்பவில்லை. கைத்தொலைபேசியில் தம் படத்தைப் போட்டுவிட்டு எத்தனை பேர் பாராட்டினார்கள் என்று எண்ணுகிறார்கள். முன்பு நாலு பேர். இப்போது நானூறு பேர். அவ்வளவுதான் வேறுபாடு.

சரி, பேதுருவின் கதைக்கு வருவோம். இயேசு சிலுவையில் மரித்து உயிர்த்தெழுந்த பிறகு, கலிலேயாக் கடற்கரையில் சீடர்களுக்குத் தோன்றியதாக யோவான் நற்செய்தி கூறுகிறது. இரவெல்லாம் வலை வீசியும் மீன் கிடைக்காமல் களைத்துப்போன சீடர்களுக்கு, விடியற்காலையில் அவர் கரையில் காலை உணவு ஆக்கி வைத்திருந்தார். கரிநெருப்பு மூட்டி அதன்மேல் மீனைச் சுட்டு வைத்திருந்தார். 'கரிநெருப்பு' என்னும் அந்தக் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாடு முழுவதிலும் இரண்டே இடங்களில்தான் வருகிறது. ஒன்று, பேதுரு மறுதலித்த முற்றம். மற்றொன்று, இந்தக் கடற்கரை. எந்த நெருப்பின் அருகில் நின்று தன் தலைவரைத் தெரியாது என்றாரோ, அதேபோன்ற நெருப்பின் அருகில் இப்போது தலைவரின் கையால் அவர் சாப்பிடுகிறார்.

சாப்பிட்ட பிறகுதான் இயேசு பேச்சைத் தொடங்குகிறார். ஏன் அப்படிச் செய்தாய் என்று அவர் கேட்கவில்லை. மற்றவர்கள் முன்னிலையில் மன்னிப்புக் கேள் என்று சொல்லவில்லை. நீ என்னை நேசிக்கிறாயா என்று மட்டும் மூன்று முறை கேட்கிறார். மூன்று முறை மறுதலித்தவருக்கு மூன்று முறை அன்பைச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கிறது. ஒவ்வொரு முறையும் தம் ஆடுகளை மேய்க்கும் பொறுப்பை இயேசு அவரிடம் ஒப்படைக்கிறார்.

நேயர்களே, கிறிஸ்தவ சமயம் கூறும் கடவுளின் அன்பு எத்தகையது என்பது இங்கே விளங்குகிறது. அது கூலி அன்று. இதை நம் அனுபவத்தைக் கொண்டே விளக்கலாம். தோட்டத்தில் பால் எடுத்து வந்தால் அதை நிறுத்துக் கணக்கில் குறிப்பார்கள். பால் அதிகமானால் கூலி அதிகம். மழை பெய்து மங்குகள் நிரம்பி வழிந்தால் அன்றைய உழைப்பு வீண். வேலை செய்யும் இடத்தில் இந்தக் கணக்கு இருக்கத்தான் வேண்டும். ஆனால் அதே தொழிலாளி வீட்டுக்கு வந்து பிள்ளைக்குச் சோறு போடும்போது, இன்று நீ எவ்வளவு பால் கொண்டுவந்தாய் என்று கேட்பாரா? பிள்ளை சாப்பிடுவது அது பிள்ளை என்பதால், உழைத்ததால் அல்ல. மனிதரின் மெச்சுதல் தராசில் நிறுத்துத் தரப்படுவது. கடவுளின் அன்பு வீட்டுப் பிள்ளைக்குத் தரப்படும் சோறு.

இயேசுவின் வாழ்க்கையிலும் இதே முறையைக் காணலாம். யோர்தான் ஆற்றில் அவர் திருமுழுக்குப் பெற்றபோது, இவர் என் அன்பு மகன் என்னும் பொருள்பட வானத்திலிருந்து ஒரு குரல் கேட்டதாக நற்செய்திகள் கூறுகின்றன. அது எப்போது கேட்டது? அவர் ஒரு நோயாளியையும் குணமாக்குவதற்கு முன்பு. ஒரு பிரசங்கமும் செய்வதற்கு முன்பு. வேலை தொடங்கும் முன்பே அன்பு வந்துவிட்டது. அதனால்தான் பிற்பாடு மக்கள் அவரை அரசராக்க முயன்றபோது அவர் மயங்கவில்லை. அதே மக்கள் விலகிப்போனபோது தளரவும் இல்லை.

அன்பு முதலில், வேலை பிறகு. இந்த வரிசையை உணர்ந்தவர் பிறரின் மெச்சுதலுக்காகத் தவிக்க வேண்டியதில்லை. ஏற்கெனவே வயிறு நிறைந்தவன் பந்தியில் இடம் பிடிக்க முண்டியடிக்க மாட்டான் அல்லவா?

அந்தக் கடற்கரையில் இன்னொன்றும் நடந்தது. இவ்வளவு பேசி முடித்த பிறகும் பேதுரு திரும்பிப் பார்த்து, பின்னால் வந்த மற்றொரு சீடரைக் காட்டி, இவருக்கு என்ன ஆகும் என்று கேட்டார். அது உனக்கு எதற்கு, நீ என் பின்னால் வா என்ற கருத்தில் இயேசு பதில் சொன்னார். பக்கத்து வீட்டுக்காரனோடு தன்னை ஒப்பிட்டுப் பார்க்கும் குணம் எவ்வளவு ஆழமாக வேரூன்றியது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இத்துடன் பேதுருவின் பயம் ஒழிந்துவிட்டது என்று நாம் நினைக்கலாம். வேத நூல் அவ்வளவு எளிதாகக் கதையை முடிக்கவில்லை. நமக்கு மிகவும் பயன்படும் பகுதி இனிமேல்தான் வருகிறது.

அக்காலத்து யூதர்களிடையே, யூதரல்லாதவரோடு ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணக் கூடாது என்னும் கட்டுப்பாடு பலரால் கண்டிப்பாகக் கடைப்பிடிக்கப்பட்டது. செசரியா நகரில் கொர்நேலியு என்னும் உரோமைப் படை அதிகாரி பேதுருவை அழைத்தார். கடவுள் எந்த மனிதனையும் தீட்டானவன் என்று தள்ளுவதில்லை என்பதை ஒரு காட்சியின் மூலம் உணர்ந்த பேதுரு, துணிந்து அந்த வீட்டுக்குள் போனார். அவர் எருசலேமுக்குத் திரும்பியதும், நீ எப்படி அவர்களோடு சாப்பிடலாம் என்று சொந்த மக்களே கேள்வி எழுப்பினார்கள். பேதுரு பயப்படாமல் நடந்ததை எடுத்துச் சொன்னார். அந்த முற்றத்தில் நடுங்கிய மனிதரா இவர் என்று நாம் வியக்கிறோம்.

பிறகு அந்தியோக்கியா வருகிறது. சிரியா நாட்டின் பெருநகரமாக விளங்கிய அந்தியோக்கியா, இன்றைய துருக்கி நாட்டின் அந்தாக்யா நகரம். 2023 ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் பெரும் அழிவுக்கு உள்ளான ஊர் இதுவே. இயேசுவைப் பின்பற்றியவர்களுக்குக் 'கிறிஸ்தவர்கள்' என்னும் பெயர் முதன்முதலில் இந்த ஊரில்தான் வழங்கியது. அங்கே யூதரும் யூதரல்லாதவரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்டார்கள். ஏறத்தாழ கி.பி. 50 ஆம் ஆண்டை ஒட்டிய காலம். பேதுரு அங்கே வந்தபோது அவரும் அந்தப் பந்தியில் அமர்ந்தார்.

அப்போது எருசலேமிலிருந்து யாக்கோபுவின் வட்டாரத்தைச் சேர்ந்த சிலர் வந்தார்கள். அவர்கள் பழைய கட்டுப்பாட்டில் உறுதியானவர்கள். அவர்களைக் கண்டதும் பேதுரு மெல்ல மெல்ல அந்தப் பந்தியிலிருந்து விலகினார். அவர் விலகியதைப் பார்த்து மற்ற யூதர்களும் விலகினார்கள். மிகவும் நல்லவர் என்று பெயர் பெற்ற பர்னபாவும் அவர்களோடு சேர்ந்துகொண்டார். பேதுருவின் கொள்கை மாறிவிட்டதா? இல்லை. நாலு பேர் என்ன சொல்வார்கள் என்னும் பழைய பயம்தான் திரும்பி வந்தது.

இதை நமக்குச் சொல்பவர் பவுல். முன்பு சின்னப்பர் என்று வழங்கப்பட்ட அதே அடியார். கலாத்தியா நாட்டுச் சபைகளுக்கு அவர் எழுதிய கடிதத்தின் இரண்டாம் அதிகாரத்தில், எல்லார் முன்னிலையிலும் பேதுருவை நேருக்கு நேர் கண்டித்ததாக அவர் எழுதுகிறார். சபையின் மூத்தவரைக் கண்டிப்பது சிறிய செயலா? பவுல் ஏன் அவ்வளவு கடுமையாகப் பேசினார்?

பவுலே ஒரு காலத்தில் மனிதரின் மெச்சுதலை நிறையப் பெற்றவர். கமாலியேல் என்னும் புகழ்பெற்ற ஆசிரியரிடம் படித்தவர். சட்டத்தைக் கடைப்பிடிப்பதில் தம் வயதினரைவிட முன்னேறியவர். அந்தப் பெருமைகளையெல்லாம் பிற்காலத்தில் குப்பை என்று ஒதுக்கியதாக அவரே எழுதியிருக்கிறார். கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தின் தொடக்கத்திலும், மனிதரைப் பிரியப்படுத்திக்கொண்டே கிறிஸ்துவுக்கு ஊழியனாக இருக்க முடியாது என்ற கருத்தை வெளிப்படையாகச் சொல்கிறார்.

அவருடைய வாதத்தை நம் பேச்சில் சொன்னால் இப்படி இருக்கும். கடவுள் ஒரு மனிதனை ஏற்றுக்கொள்வது அவன் குலத்தாலோ சடங்காலோ அல்ல, தம் அன்பால்தான் என்று நாம் நம்புகிறோம். அப்படியானால் கடவுள் ஏற்றுக்கொண்ட மனிதனோடு உட்கார்ந்து சாப்பிட நாம் கூச்சப்படலாமா? நாம் எழுந்து போனால், உன்னைக் கடவுள் ஏற்றுக்கொண்டது போதாது, நாங்களும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று அவனிடம் சொல்வதாக ஆகாதா?

அன்றைய பந்தியில் விடப்பட்டவர்களை எண்ணிப் பாருங்கள். நேற்றுவரை தம் அருகில் அமர்ந்து அப்பம் பிட்டவர் இன்று எழுந்து வேறு இடத்தில் அமர்கிறார். காரணம் எதுவும் சொல்லவில்லை. சொல்லாமலே அவர்களுக்கு விளங்கியிருக்கும். மெச்சுதலுக்கு அடிமையாகிறவன் தன்னை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. அவன் நல்ல பெயருக்கான விலையை வேறு யாரோ கொடுக்கிறார்கள். நான் முதலில் சொன்ன குடும்பத்தில் அந்த விலையைக் கொடுத்தவன் பள்ளியை விட்ட அந்தச் சிறுவன்.

அந்தியோக்கியாவின் பந்தி நம் இனத்தாரின் வரலாற்றிலும் திரும்ப வந்தது. தமிழ்நாட்டுக் கிறிஸ்தவக் கோவில்கள் பலவற்றில் சாதிக்கு ஓர் இடம் என்று தனித்தனியாக அமரும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. 1833 ஆம் ஆண்டில், கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் பேராயராக இருந்த தானியேல் வில்சன், சபைக்குள் சாதி வேறுபாடு அடியோடு ஒழிய வேண்டும் என்று தென்னிந்தியச் சபைகளுக்குக் கடிதம் அனுப்பினார். தஞ்சாவூர் போன்ற இடங்களில் பலர் அதை ஏற்க மறுத்துச் சபையைவிட்டே விலகினார்கள். திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில், ஒரே பலிபீடத்தை நோக்கி இரண்டு கிளைகளாகப் பிரிந்த அமைப்பில் ஒரு கோவிலே கட்டப்பட்டது. சாதி மக்கள் ஒருவரோடு ஒருவர் கலவாமல் இருப்பதற்கே அந்த அமைப்பு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தத் தடுப்பை அகற்றியபோது வழக்கு நீதிமன்றம்வரை சென்றது. தனி இடம் கேட்டவர்கள் தோற்றார்கள்.

அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று சொல்வது எளிது. ஆனால் அவர்களில் பலர் பக்தியுள்ளவர்கள். சாதி தவறு என்று தெரிந்தும், உறவினர் பெண் கொடுக்க மாட்டார்களே, பெண் எடுக்க மாட்டார்களே என்று அஞ்சியவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். பேதுருவுக்கு வந்த அதே நோய்தான். கப்பலேறி மலாயாவுக்கு வந்தபோது நம்மவர் மூட்டை முடிச்சுகளோடு இந்த நோயையும் கொண்டுவந்தார்கள். யார் வீட்டில் கை நனைக்கலாம், யார் வீட்டில் கூடாது என்னும் பேச்சு லயங்களிலும் கேட்டதை மூத்த நேயர்கள் அறிவார்கள்.

இங்கே ஒரு கேள்வி எழலாம். மனிதரின் பேச்சைப் பொருட்படுத்த வேண்டாம் என்றால், யார் சொல்வதையும் கேட்காமல் மனம்போல் நடக்கலாமா? அப்பா அம்மா சொல்வதையும் தள்ளிவிடலாமா? கூடாது. அது விடுதலை அன்று, அகந்தை. பவுலின் நடத்தையையே பாருங்கள். தீமோத்தேயு என்னும் இளைஞர் தம்மோடு ஊழியத்துக்கு வந்தபோது, யூதர்கள் மனம் புண்படாமல் இருப்பதற்காக அவருக்கு விருத்தசேதனம் செய்வித்தார். ஆனால் தீத்து என்னும் மற்றொருவரின் காரியத்தில், செய்தே ஆக வேண்டும் என்று சிலர் வற்புறுத்தியபோது இணங்க மறுத்தார். சடங்கு ஒன்றுதான். ஒரு முறை இணங்கினார். ஒரு முறை மறுத்தார். வேறுபாடு எங்கே இருக்கிறது? முதலாவது, பிறர் நன்மைக்காக விட்டுக்கொடுத்தது. இரண்டாவதில் விட்டுக்கொடுத்திருந்தால், அது பயத்தால் செய்ததாக ஆகியிருக்கும்; மற்றவர்களின் உரிமையும் பறிபோயிருக்கும்.

ஆகவே நாம் எதையாவது செய்யும்போது நம்மையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளலாம். இதை நான் அன்பினால் செய்கிறேனா, அச்சத்தினால் செய்கிறேனா? பக்கத்து வீட்டில் துக்கம் என்று வானொலியைத் தணித்து வைப்பது அன்பு. பக்கத்து வீட்டாரைவிடப் பெரிய தொலைக்காட்சிப் பெட்டியைத் தவணையில் வாங்கி வைப்பது அச்சம். பெற்றோர் மனம் நோகாமல் பேசுவது அன்பு. ஊர் பேசுமே என்று மகளின் படிப்பை நிறுத்துவது அச்சம்.

இதற்கு இயேசு ஒரு பயிற்சியும் சொல்லியிருக்கிறார். மத்தேயு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தில் அதைக் காணலாம். தர்மம் செய்யும்போது ஊருக்குத் தெரியும்படி செய்யாதே. ஜெபம் செய்யும்போது அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள் என்பது அதன் கருத்து. ஏன் இந்தப் போதனை? யாரும் பார்க்காத இடத்தில் ஒரு நன்மையைச் செய்து, யாரும் மெச்சாமலே மனநிறைவு அடையப் பழக வேண்டும் என்பதற்காகத்தான். நடக்கப் பழகும் குழந்தை நாற்காலியை விட்டு இரண்டு அடி வைப்பது போன்றது அது.

வாரத்துக்கு ஒன்று போதும். நோயாளியான அண்டை வீட்டுக்காரருக்கு மருந்து வாங்கிக் கொடுங்கள். அதை வேறு யாரிடமும் சொல்லாதீர்கள். கோவில் நன்கொடைப் பட்டியலில் பெயர் போட வேண்டாம் என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு மூன்று நாள் மனம் அரிக்கும். யாரிடமாவது சொல்லிவிடலாமா என்று தோன்றும். அந்த அரிப்புதான் நம் நோயின் அளவு. அது அடங்கும்போது விடுதலையின் சுவை என்ன என்று தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கடவுளையும் நாலு பேரில் ஐந்தாவது ஆளாக ஆக்கிவிடக் கூடாது. சிலர் ஊராரை விட்டுவிட்டுக் கடவுளின் முகம் சுளிக்குமோ என்று ஓயாமல் நடுங்குகிறார்கள். மேலிடத்தில் ஒரு பெரிய கங்காணி குறிப்பேட்டோடு நிற்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். கடற்கரையில் மீன் சுட்டு வைத்துக் காத்திருந்தவரை அவர்கள் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தியோக்கியாவில் பவுல் கண்டித்த பிறகு பேதுரு என்ன பதில் சொன்னார் என்று அந்தக் கடிதம் கூறவில்லை. ஆனால் பேதுருவின் பெயரால் வழங்கும் இரண்டாம் கடிதம் பவுலை அன்புக்குரிய சகோதரர் என்றே குறிப்பிடுகிறது. நீரோ மன்னன் காலத்தில் இருவரும் உரோமாபுரியில் கிறிஸ்துவுக்காக உயிரைக் கொடுத்தார்கள் என்பது திருச்சபையின் மரபு. சேவல் கூவிய அந்த இரவில் உயிருக்கும் பெயருக்கும் பயந்த மனிதர், முடிவில் இரண்டையும் விடத் துணிந்தார். பந்தியில் மோதிக்கொண்ட அந்த இருவருக்கும் திருச்சபை ஒரே நாளில், ஜூன் 29 ஆம் தேதியில், திருவிழா கொண்டாடுகிறது.

பேதுருவின் வாழ்க்கை நமக்குத் தரும் ஆறுதல் இதுதான். அவர் ஒரே நாளில் விடுதலை பெறவில்லை. விழுந்தார், எழுந்தார், மீண்டும் தடுமாறினார், மீண்டும் திருத்தப்பட்டார். விழுந்த ஒவ்வொரு முறையும் அன்பு அவரைக் கைவிடவில்லை. நாமும் நாளைக்கே மாறிவிட மாட்டோம். ஆனால் திரும்பிப் போக ஒரு வீடு உண்டு, அங்கே நம் பால் கணக்கை யாரும் கேட்பதில்லை என்று தெரிந்தால், ஊர்ப் பேச்சின் சுமை சிறிது சிறிதாகக் குறையும்.

நான் சொன்ன அந்தக் குடும்பத்தில் பிறகு ஒரு கல்யாணம் நடந்தது. இரண்டாவது மகளின் கல்யாணம். காலையில் கோவிலில் பூசை. பிறகு கோவில் கொட்டகையில் தேநீர், வடை, கேசரி. உபதேசியாரும் உறவினரும் லயத்தாரும் வந்திருந்தார்கள். தோட்டத்துச் சாக்கடை துப்புரவு செய்தவரும் தம் குடும்பத்தோடு வந்தார். மற்றவர்கள் அமர்ந்திருந்த அதே பெஞ்சில் தகப்பனார் அவரை அழைத்து உட்கார வைத்து, தாமும் பக்கத்தில் அமர்ந்தார். இரண்டு மூன்று பேர் ஏதோ முணுமுணுத்தார்கள். அது எல்லார் காதிலும் விழுந்தது. தகப்பனார் வடைத் தட்டை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, "சாப்பிடுங்க அண்ணே, ஆறிப்போகும்" என்றார்.

கடன் இல்லாமல் அந்தக் கல்யாணம் முடிந்தது. பள்ளியை விட்ட மகனும் அங்கே இருந்தான். தேநீர் பரிமாறியவன் அவன்தான். அவன் இழந்த படிப்பு திரும்பி வரவில்லை. ஆனால் அவனுக்குப் பின் பிறந்த தங்கை ஆறாம் படிவம்வரை படித்தாள்.

நேயர்களே, அடுத்த முறை உங்கள் வீட்டில் அந்தக் கேள்வி எழும்போது ஒரு நிமிடம் பொறுங்கள். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்று கேட்பதற்கு முன், இதன் விலையை நம் வீட்டில் யார் கொடுக்கப் போகிறார்கள் என்று கேளுங்கள்.